ஒவ்வொரு தீக்கும் அதற்கென்று ஒரு கோடு

திருகோணமலை மாவட்டத்தில், பன்குளத்துக்குப் போகும் அநுராதபுர வீதியில் இருந்து உள்ளே இறங்கினால் ஓர் ஓடை வரும். மாரியில் மட்டும்தான் தண்ணீர். ஆடி, ஆவணியில் வெறும் மணல். ஆனால் இரு கரையிலும் மருத மரங்கள் பச்சையாகவே நிற்கும். எத்தனையோ கச்சான் காலத்துத் தீ அந்த மரங்களைத் தாண்டமுடியாமல் அங்கேயே அடங்கியிருக்கிறது. அந்த ஓடையை ஒருமுறை என் வரைபடத்தில் விட்டுவிட்டேன்.

அன்று ஓடையின் இரு பக்கமும் எரிந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தது அடுத்த நாள் பின்னேரம். யானை இறங்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்ததால் மோட்டார் சைக்கிளில் வெளிப்புறமாக ஒரு சுற்றுச் சுற்றினேன். போனில் ஓடிய ஜிபிஎஸ் தடத்தின் இரு முனைகளையும் சேர்த்து மூடினேன். 46 ஹெக்டேயர், ஒரே தீ என்று பதிந்தேன். அந்த வரைபடம் கிராமத்துக் கூட்டம் ஒன்றில் காட்டப்பட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஐயா ஒருவர், புதுப்புல் வரட்டும் என்று வாய்க்கால் கரையைக் கொளுத்தியதை ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தார். படத்தில் இருந்ததோ ஒரே கோடு. 46 ஹெக்டேயரும் அவர் தலையில் விழுந்தது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் வந்து நின்றார். "மகள், நான் கொளுத்தினது வாய்க்கால் கரை மட்டும்தான். அது பிழைதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ரோட்டுப் பக்கம் எரிஞ்சது என்ர நெருப்பில்லை. அது ஓடையத் தாண்டி எப்பிடிப் போகும்? நீங்க ஓடைக்குள்ள இறங்கிப் பாத்தீங்களா?"

நான் இறங்கிப் பார்க்கவில்லை. அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டு கரிந்த நிலங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 60 மீற்றர் அகலத்தில், 800 மீற்றர் நீளத்துக்கு, ஓடையும் மரங்களும் எரியாமல் கிடந்தன. அது மட்டுமே 5 ஹெக்டேயர். ரோட்டுப் பக்கம் 34, அவருடைய பக்கம் 7. எரியாத நிலத்தை எரிந்ததாகவும், இரண்டு தீயை ஒன்றாகவும் நான் எழுதியிருந்தேன்.

நான் நில அளவையாளர் ஒருவரிடம் 11 வருடம் உதவியாளராக வேலை செய்தவள். கோணமும் தூரமும் பிழைக்காமல் எடுக்கத் தெரியும். ஆனால் தீயின் எல்லையில் கோணத்தையும் தூரத்தையும் விட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது: இந்தக் கோடு எந்தத் தீக்குரியது? அந்தக் கேள்விக்குப் பிழையில்லாமல் பதில் சொல்லக் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் தீயெல்லை பதிய நினைக்கும் பிள்ளைகளுக்கு இது உதவும்.

எது ஒரு தீ?

முதலில் இதைத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மின்னல் விழுந்து காடு எரிவது அபூர்வம். புதுப்புல்லுக்காக, வேட்டைக்காக, சேனை வெட்டித் துப்புரவாக்க, குப்பை எரிக்க என்று பெரும்பாலும் ஒரு கை வைத்த நெருப்புத்தான். அதனால் நான் பிடித்துக்கொள்ளும் விதி இது: ஒரு தொடக்கம், ஒரு சம்பவம். எங்கே பற்றியதோ அங்கிருந்து பரவிய எல்லாம் அதற்குள் அடங்கும்.

காற்றில் பறந்த பொறி வீதியைத் தாண்டி 100 மீற்றருக்கு அப்பால் இன்னொரு துண்டைப் பற்றவைத்தால் அது புதுத் தீ அல்ல. அதே சம்பவத்தின் இரண்டாவது துண்டு. அணைந்துவிட்டது என்று எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, பழைய எல்லைக்குள் கிடந்த அடிக்கட்டை புகைந்து மறுபடி பற்றினாலும் அதே சம்பவம்தான். ஆனால் இரண்டு கரிந்த நிலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தாலும், தொடக்கம் இரண்டென்றால் சம்பவமும் இரண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஒன்றாகிவிடாது. சந்தேகம் இருக்கும்வரை இரண்டாகவே வைத்திருங்கள். பிரித்து வைத்ததைப் பிறகு சேர்ப்பது ஒரு நிமிட வேலை. சேர்த்து வைத்ததைப் பிரிக்க, மறுபடி காட்டுக்குள் நடக்க வேண்டும். அதற்குள் மழை பெய்து மானாப் புல் முளைத்திருந்தால் நடந்தும் பயனில்லை.

பெயர் மாறும், இலக்கம் மாறாது

ஒரே தீயைப் பன்குளத்தார் ஒரு பெயரால் சொல்வார்கள், கன்னியாப் பக்கத்தார் இன்னொரு பெயரால் சொல்வார்கள். பெயரை நம்பிப் பதிந்தால் ஒரு தீ இரண்டாகும், அல்லது போன வருடத்துத் தீயும் இந்த வருடத்துத் தீயும் ஒரே பெயரில் கலந்துபோகும். அதனால் தீயைப் பற்றிக் கேள்விப்பட்ட உடனேயே, கோடு வரையும் முன்பே, ஒரு இலக்கம் கொடுத்துவிடுங்கள். என் முறை: வருடம், பிரதேச செயலகப் பிரிவின் சுருக்கம், வரிசை எண். "24-முத-03" என்றால் 2024இல் மொறவெவ, அதாவது முதலிக்குளம் பிரிவில் பதிந்த மூன்றாவது தீ.

அமெரிக்காவிலும் இதே யோசனைதான். அங்கே ஒவ்வொரு காட்டுத்தீக்கும் வருடம், பொறுப்பான அலகின் குறியீடு, உள்ளூர் சம்பவ எண் மூன்றும் சேர்ந்த ஓர் அடையாளம் உண்டு. அதற்கு மேல் ஐர்வின் என்ற பொதுத் தகவல் அமைப்பு கொடுக்கும் நீண்ட அடையாளக் குறியீடும் உண்டு. தீயெல்லைக் கோட்டைப் பதிபவர் அந்தக் குறியீட்டையும் கோட்டோடு ஒட்டிவிடுகிறார். பெயரை மாற்றினாலும் எழுத்துப் பிழை வந்தாலும் எந்தக் கோடு எந்தத் தீக்கு என்பது தொலையாது.

பிரதேச எல்லையைத் தாண்டும் தீயைக் கவனமாகப் பாருங்கள். பன்குளம் மொறவெவப் பிரிவில் இருக்கிறது. கன்னியா "பட்டினமும் சூழலும்" என்ற பிரிவில் இருக்கிறது. இடையில் எரியும் ஒரு தீயை இரண்டு பிரிவிலும் ஆளுக்கொரு தரம் எழுதினால், மாவட்டக் கணக்கில் அதே நிலம் இரண்டு தடவை எரிந்திருக்கும். தொடங்கிய இடம் எந்தப் பிரிவோ இலக்கமும் அந்தப் பிரிவுக்கே. எந்தப் பிரிவில் எத்தனை ஹெக்டேயர் என்பதைக் கடைசியில் பிரதேச எல்லைகளின் லேயரை, அதாவது வரைபட அடுக்கை, மேலே வைத்து வெட்டிக் கணக்கிடலாம். அதற்காகத் தீயைத் துண்டாக்கிச் சேமிக்க வேண்டாம்.

கொடுத்த இலக்கத்தை இன்னொரு தீக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. பிழையாகப் பதிந்திருந்தாலும் வரியை அழிக்காமல் நிலை என்ற இடத்தில் "ரத்து" என்று எழுதுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள்.

இரண்டு நேரம், ஒரு மணிக்கூடு

ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு நேரம் வேண்டும். தீ அந்த எல்லையில் இருந்ததைப் பார்த்த நேரம் ஒன்று, நீங்கள் கணினியில் வரைந்த நேரம் இன்னொன்று. செவ்வாய் பின்னேரம் நடந்து எடுத்த தடத்தை வெள்ளி இரவு வரைந்து, வெள்ளி என்று மட்டும் எழுதினால், புதன் கிழமை தொடங்கிய பக்கத்துத் தீ உங்கள் தீக்கு முந்தியதாகிவிடும். எது எதைப் பற்றவைத்தது என்ற முடிவே தலைகீழாகும்.

செய்மதித் தரவிலும் நேரம் ஏமாற்றும். நாசாவின் ஃபேர்ம்ஸ் தளம் இலவசமாகக் கொடுக்கும் வெப்பப்புள்ளிகளில், அதாவது செய்மதி வெப்பம் கண்ட இடங்களில், நேரம் உலக நேரப்படி, யூடிசியில் இருக்கும். நாங்கள் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னே. வெப்பத்தை உணரும் வியர்ஸ் கருவி பொருத்திய செய்மதிகள் எங்கள் தலைக்கு மேலே பகல் ஒன்றரை மணியளவிலும் இரவு ஒன்றரை மணியளவிலும் போகின்றன. பகல் புள்ளியில் நாள் மாறாது. ஆனால் ஓகஸ்ட் 13ஆந் திகதி விடியப்புறம் 1.30க்கு எடுத்த புள்ளி, கோப்பில் ஓகஸ்ட் 12, 20.00 மணி என்று கிடக்கும். அதை அப்படியே எடுத்து எழுதினால் ஒரு நாள் பிந்திய தீ முந்திய நாளுக்குப் போய்விடும். நான் கோப்பை இறக்கியதும் செய்யும் முதல் வேலை, அட்டவணையில் இலங்கை நேரம் என்று ஒரு புது நிரல் சேர்த்து ஐந்தரை மணியைக் கூட்டுவது. பழைய நிரலைத் தொடுவதில்லை.

நடப்பது எப்படி

தீ எரியும்போது எல்லை நடக்கப் போகாதீர்கள். வெளிச்சம் உள்ளபோது, இரண்டு பேராக, கிராம உத்தியோகத்தருக்கோ வன அலுவலருக்கோ சொல்லிவிட்டுப் போங்கள். எரிந்த பாலை, வீரை மரங்கள் காற்றே இல்லாமலும் முறிந்து விழும். பழைய போர்ப் பகுதிகளில், கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று கேட்டறியாமல் பாதையை விட்டு இறங்கவே கூடாது. தீ பரவுவதைக் கண்டால் முதலில் 117க்கு அழையுங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். வரைபடம் பிறகு.

நடக்கும்போது கரிக்கும் பச்சைக்கும் நடுவில் உள்ள விளிம்பை ஒட்டியே நடங்கள். முள்ளைச் சுற்றிப் போக வேண்டி வந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் குறிப்பெழுதுங்கள். தண்ணீர் குடிக்க நிற்கும்போது தடப்பதிவை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் நின்ற இடத்தில் நூல் சிக்கியது போல நூறு புள்ளி குவியும்.

திறந்த வெளியில் நல்ல போன் ஒன்றின் ஜிபிஎஸ் 5 மீற்றர் அளவில் பிசகும். மரத்தடியில் இன்னும் கூடும். பெரிய தீக்கு அது பெரிதல்ல. வட்டமான 10 ஹெக்டேயர் நிலத்தின் விளிம்பு முழுவதும் 5 மீற்றர் வெளியே தள்ளிப்போனால் பரப்பு சுமார் 0.57 ஹெக்டேயர் கூடும். நூற்றுக்கு ஆறுக்குள். அதே பிசகு 1 ஹெக்டேயர் நிலத்தில் வந்தால் 0.185 ஹெக்டேயர், நூற்றுக்குப் பதினெட்டரை. எங்கள் ஊரின் தீக்களில் நிறைய சின்னத் தீக்களே. அதனால் சின்னத் தீயை மோட்டார் சைக்கிளில் சுற்றாமல் காலால் நடந்து, இரண்டு தரம் எடுங்கள்.

வெளியே மட்டும் சுற்றினால் போதாது. குறுக்கே ஒரு தரமாவது நடந்து போங்கள். நடுவில் எரியாமல் நிற்கும் தீவு, ஓடை, பாறை, குளக்கட்டு எல்லாம் அப்போதுதான் அகப்படும். ஓடையோ அகன்ற பாதையோ நடுவில் ஓடினால், இரு பக்கக் கரியும் எங்காவது ஓரிடத்தில் தொடுகிறதா என்று தேடுங்கள். தொடவில்லை என்றால் இரண்டு தொடக்கமாக இருக்கலாம் என்ற எண்ணம் உடனே வர வேண்டும்.

யானைக்குப் பயந்தோ பாறையாலோ நடக்க முடியாத பக்கத்தை நடந்ததாகக் காட்டாதீர்கள். நான் எல்லைக் கோட்டைத் தனி லேயரில் துண்டு துண்டாக வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் முறை எழுதுகிறேன்: நடந்து, வாகனத்தில், செய்மதிப் படம் பார்த்து, கையால் கீறி. அமெரிக்கத் தீயெல்லைத் தரவுகளிலும் வரைந்த முறைக்கு என்றே ஒரு நிரல் இருக்கிறது. நடந்ததா, ஓட்டியதா, பறந்ததா, அகச்சிவப்புப் படமா, கைவரைவா என்று அதில் பதிகிறார்கள். பிறகு இரண்டு கோடுகள் முரண்பட்டால் எதை நம்புவது என்று அந்த ஒரு சொல் சொல்லிவிடும்.

வானத்தில் இருந்து தெரிவதும் தெரியாததும்

வெப்பப்புள்ளியைத் தீயின் இடமாக எடுப்பதுதான் நான் அதிகம் காணும் பிழை. வியர்ஸின் ஒரு புள்ளி, 375 மீற்றர் சதுரம் ஒன்றின் நடு. அந்தச் சதுரம் 14 ஹெக்டேயர். செய்மதியின் பார்வை ஓரத்துக்குப் போகப் போக அது இன்னும் பெரிதாகும். அதற்குள் எங்கோ ஒரு மூலையில் சின்னதாக எரிந்தாலும் புள்ளி நடுவில்தான் விழும். மொடிஸ் என்ற இன்னொரு செய்மதிக் கருவியின் புள்ளி என்றால் சதுரம் ஒரு கிலோமீற்றர். அதனால் 200 மீற்றர் இடைவெளியில் எரியும் இரண்டு தீ ஒரே புள்ளியாக வரலாம், ஒரே தீ நாலு புள்ளியாகவும் வரலாம். புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைத்துத் தீயெல்லை என்று சொல்லாதீர்கள். புள்ளி நேரத்துக்குச் சாட்சி. எல்லைக்குச் சாட்சி அல்ல.

புள்ளி வந்த இடமெல்லாம் காடும் எரியவில்லை. தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் கிழமைகளில் புள்ளிகள் வரிசையாக வரும். செங்கல் சூளையும் குப்பை மேடும் வரும். தண்ணீரில் வெய்யில் தெறித்தும் பொய்ப்புள்ளி விழும். நம்பகம் குறைவு என்று குறித்த புள்ளிகளை அழிக்காமல் தனியே வைத்து, ஊரில் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். புள்ளி இல்லை என்பதாலும் தீ இல்லை என்றாகாது. காலை பத்து மணிக்குப் பற்றிப் பன்னிரண்டுக்கு அடங்கிய புல் தீயை ஒன்றரை மணிச் செய்மதி காணாது.

எல்லைக்கு நான் நம்புவது ஐரோப்பியச் செய்மதி சென்டினல்-2. இரண்டு செய்மதிகள் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு தரம் அதே இடத்தைப் படம் எடுக்கின்றன. கொப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து 12, 8, 4 ஆகிய அலைவரிசைகளை (படத்தில் தனித்தனியாகப் பதியும் ஒளிப்பட்டைகளை) சிவப்பு, பச்சை, நீலமாகப் போட்டுப் பாருங்கள். உயிருள்ள இலை பச்சையாக ஒளிரும். எரிந்த நிலம் செம்பழுப்பாகத் தனித்துத் தெரியும். உயிருள்ள இலை 8ஆம் அலைவரிசையான அண்மை அகச்சிவப்பைப் பலமாகத் தெறிக்கும். எரிந்த பிறகு அது விழுந்து, 12ஆம் அலைவரிசையான குற்றலை அகச்சிவப்பு ஏறும். தீக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிந்திய படம் ஒன்றை மட்டும் பார்த்தால் வற்றிய குளத்துப் படுகை, உழுத வயல், கரும்பாறை எல்லாம் எரிந்த நிலம் போலவே ஏமாற்றும். கன்னியாப் பக்கத்துப் பாறையை எரிந்ததென்று ஒருவர் வரைந்து கொண்டுவந்ததைத் திருத்தியிருக்கிறேன்.

12ஆம் அலைவரிசையின் புள்ளி அளவு 20 மீற்றர். 15 மீற்றர் இடைவெளி அதில் கரைந்துபோகும். அந்த மருத ஓடை 60 மீற்றர் என்பதால் பச்சைக் கோடாகத் துலங்கியது. முதலிலேயே அந்தப் படத்தைத் திறந்திருந்தால் ஐயா என் வாசலுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பிந்தாமல் பாருங்கள். புரட்டாசியில் ஒரு மழை விழுந்தாலே புல்நிலம் மறுபடி பச்சையாகி எல்லை மங்கத் தொடங்கிவிடும்.

வரையும் மேசையில்

நான் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பாவிக்கிறேன். இலவசம், தமிழ் எழுத்தையும் ஏற்கும். ஆனால் கோப்பை ஷேப்ஃபைல் என்ற பழைய வகையில் சேமிக்காதீர்கள். அதில் நிரலின் பெயர் 10 எழுத்துக்கு மேல் நிற்காது, திகதி நிரலில் மணி நிற்காது, தமிழ்ப் பெயர்கள் சில கணினிகளில் கேள்விக்குறிகளாகிவிடும். ஜியோபக்கேஜ் என்ற வகையில் சேமித்தால் இந்த மூன்று தொல்லையும் இல்லை. அட்டவணையை எக்செலில் திறந்து சேமிப்பதையும் தவிருங்கள். "03-04" போன்ற இலக்கத்தை அது திகதியாக்கிவிடும், "007" என்பதை 7 ஆக்கிவிடும். இலக்கம் உடைந்தால் கோட்டுக்கும் சம்பவத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது.

ஆள்கூற்று முறையை ஒவ்வொரு கோப்பிலும் பாருங்கள். போன் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது முறையில், பாகையாக. பரப்பு கணிக்க நான் மீற்றரில் அளக்கும் யூடிஎம் முறையின் 44 வடக்கு வலயத்துக்கு மாற்றுகிறேன். நில அளவைத் தரவு இரண்டு வகையில் வரும். கந்தவளை என்ற இலங்கையின் பழைய அளவை அடிப்படையிலான கட்டத்தில் தொடக்க எண்கள் 200000, 200000. 1999 கட்டத்தில் 500000, 500000. இவற்றை மாறிப் போட்டால் தீ 300 கிலோமீற்றருக்கு அப்பால் போய் விழும், உடனே கண்டுபிடிக்கலாம். பயப்பட வேண்டியது சின்னப் பிசகுக்குத்தான். கந்தவளைப் பாகையை டபிள்யூஜிஎஸ் பாகை என்று எடுத்தால் நூறு மீற்றருக்கு மேல் நகரும். படத்தில் பார்க்கச் சரி போலவே இருக்கும், ஆனால் ஓடைக்கு இந்தப் பக்கத்துத் தீ அந்தப் பக்கம் போயிருக்கும்.

தொலைபேசியில் ஒருவர் வாசிக்கும் ஆள்கூற்றையும் திருப்பிக் கேளுங்கள். 8 பாகை 34 கலை 30 விகலை என்பது தசமத்தில் 8.5750. அதை 8.3430 என்று எழுதினால் தீ 25 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போய்விடும்.

ஒரே சம்பவத்தின் பல துண்டுகளைப் பல பகுதிகள் கொண்ட ஒரே பொலிகனாக, அதாவது மூடிய வடிவமாக, வைத்திருங்கள். பக்கத்துச் சம்பவத்தோடு ஒட்டும் விளிம்பை இரண்டு தரம் வரையாமல், புள்ளியோடு புள்ளியை ஒட்டவைக்கும் ஸ்நாப்பிங் போட்டு அதே புள்ளிகளையே பிடியுங்கள். வடிவங்களை ஒன்றாக்கும் டிஸல்வ் என்ற கட்டளையை அழுத்தும் முன் எந்த நிரலை வைத்துச் சேர்க்கிறது என்று பாருங்கள். பிரிவின் பெயரை வைத்துச் சேர்த்தால் ஒரு பிரிவில் எரிந்த எல்லாத் தீயும் ஒரே தீயாகிவிடும். பிறகு திரும்ப வழியில்லை.

நேற்றைய கோட்டை இழுத்து இன்றைய கோடாக்க வேண்டாம். நேற்றையது நேற்றையதாக இருக்கட்டும். இன்றைக்குப் புதிதாக ஒன்று வரைந்து அதே இலக்கம் கொடுங்கள். இதில் நல்ல சோதனை ஒன்றும் கிடைக்கிறது: எரிந்த நிலம் திரும்ப எரியாத நிலமாகாது. ஆகவே அதே சம்பவத்தின் நேற்றைய பொலிகன் இன்றைய பொலிகனுக்குள் முழுதாக அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஒன்றில் நேற்றுப் பிழை, அல்லது இன்று வேறு தீயின் தடத்தை இந்த இலக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்.

இரண்டு சம்பவங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் திகதியைப் பாருங்கள். ஒரே கிழமையில் என்றால் பிழை, ஒரு பக்கத்தை வெட்ட வேண்டும். ஆனால் பங்குனியில் எரிந்த மானாப் புல் ஆவணியில் திரும்பவும் எரியலாம். அது உண்மையான மேற்படிவு, அதை வெட்டக்கூடாது. அதே நிலம் ஒரே வருடத்தில் இரண்டு தரம் எரிந்தது என்பது காட்டுக்கு நேர்ந்ததைச் சொல்லும் முக்கியமான தகவல்.

இரண்டு தீ உண்மையிலேயே சேர்ந்தால்

அதுவும் நடக்கும். 2020 ஓகஸ்ட்டில் வட கலிபோர்னியாவில் மின்னல்கள் பற்றவைத்த முப்பதுக்கு மேற்பட்ட தீக்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று கலந்து, ஓகஸ்ட் கொம்ப்ளெக்ஸ் என்ற பெயரில் பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டின. ஏறக்குறைய 4,180 சதுர கிலோமீற்றர். எங்கள் திருகோணமலை மாவட்டம் முழுவதையும் விடப் பெரிது. டோ என்றும் எல்க்ஹோர்ன் என்றும் தனித்தனியாகப் பெயர் பெற்ற தீக்கள் அதற்குள் இருக்கின்றன. அத்தனை தீயை ஒரே தலைமையின் கீழ் கவனிக்கக் கூட்டுப் பெயர் தேவைப்படுகிறது. ஆனால் ஒவ்வொன்றின் தொடக்கமும் காரணமும் கூட்டுப் பெயருக்குள் கரைந்துபோகக்கூடாது.

சின்ன அளவில் நான் செய்வது இதுதான். சேர்வதற்கு முன் கடைசியாகப் பார்த்த இரண்டு எல்லைகளையும் நேரத்தோடு அப்படியே உறைய வைக்கிறேன். சேர்ந்த பிறகு எரிந்த நிலத்துக்குப் புதிதாக மூன்றாவது இலக்கம். அதன் பக்கத்தில் "பெற்றோர்" என்ற நிரலில் முதல் இரண்டு இலக்கங்களும். பொதுவில் எரிந்த பகுதியை இருவருக்கும் பங்குபோட்டுக் கற்பனைக் கோடு இழுப்பதில்லை.

பிரிக்கும்போதும் அப்படியே. பன்குளத்துத் தீயை நான் திருத்திய விதத்தைச் சொல்கிறேன். முதலில் புள்ளிகளைப் பார்த்தேன். பகல் ஒன்றரைப் பார்வையில் ரோட்டுப் பக்கம் மட்டும் இரண்டு புள்ளி. ஐயா தான் கொளுத்தியது பின்னேரம் நாலு மணிக்கு என்றார். அவர் பக்கம் புள்ளி இல்லாததை மட்டும் வைத்து அதை நிச்சயப்படுத்த முடியாது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் இரண்டு மணிக்கு எடுத்த போன் படத்தில் புகை ஒரே ஒரு தூணாக, ரோட்டுப் பக்கம் மட்டும் நின்றது. பிறகு சென்டினல் படத்தில் பச்சை ஓடை. கடைசியாக ஐயாவோடு ஓடையின் இரு கரையும் நடந்து எடுத்த தடம். நாலும் ஒன்றையே சொன்ன பிறகுதான் கோட்டைத் தொட்டேன்.

24-முத-04 என்ற வரியை அழிக்கவில்லை. "ரத்து: வெளிச்சுற்று மட்டும் எடுத்ததால் இரண்டு தீ ஒன்றாகப் பதியப்பட்டது, 24-முத-09, 24-முத-10 பார்க்க" என்று எழுதினேன். பழைய படம் எத்தனை பேர் கையில் இருந்ததோ அத்தனை பேருக்கும் புதுப் படத்தை அனுப்பி, எது மாறியது, ஏன் மாறியது என்று இரண்டு வரியும் எழுதினேன். கூட்டத்துக்கு நானே போய், புதுப் படத்தைச் சுவரில் ஒட்டி, 46 எப்படி 34 ஆகவும் 7 ஆகவும் 5 ஆகவும் பிரிந்தது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். ஐயா பின் வரிசையில் இருந்தார். தன்னுடைய 7 ஹெக்டேயருக்குப் பதில் சொல்ல எழுந்து நின்றார்.

மாரி தொடங்கியதும், ஐப்பசி நடுவில், அந்த வருடக் கோப்பைப் பூட்டுகிறேன். கடைசி எல்லைகளுக்கு மட்டும் "இறுதி" என்ற நிலை. இடைப்பட்ட நாள்களின் கோடுகள், தடங்கள், போன் படங்கள் எல்லாம் இலக்கவாரியாக உறைகளில் போகின்றன. ஒரு பிரதி என் வீட்டில், இன்னொன்று குழுவில் உள்ள தங்கச்சி ஒருத்தியிடம் கிண்ணியாவில். 09ஆம் இலக்க உறைக்குள் இன்னும் காரணம் எழுதாத ஒரு தாள் இருக்கிறது. ரோட்டுப் பக்கத்து 34 ஹெக்டேயரைக் கொளுத்தியது யார் என்று தெரியவில்லை, அதனால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.